வெள்ளையனுக்கு வேலையை ஒப்படைத்த ஆறு வாரம்

1

இந்த ஜூனோடு நான் நாள் கூலிக்குப் போக ஆரம்பித்துப் பதினான்கு வருடம் முடிகிறது. இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்றதும் ஊரில் மாதச் சம்பளம், கம்பெனி கார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. திருப்பத்தூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன கணக்கோ அதேதான் எனக்கும். போன நாளுக்குக் காசு, போகாத நாளுக்கு இல்லை. காய்ச்சலுக்கு இல்லை, பண்டிகைக்கு இல்லை, ஊரில் சாவு என்று ஓடினால் அதற்கும் இல்லை. மேஸ்திரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஏஜென்ட் இருக்கிறான். அவனை நான் நேரில் பார்த்ததே கிடையாது.

இந்தத் தொழிலுக்குக் காண்ட்ராக்ட் என்று பெயர். போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது, எங்கள் மலையில் புதூர்நாட்டுக்கு ஏறுகிற ஜீப்பில் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "நீ இன்னாப்பா வேலை பண்ற?" என்று கேட்டார். காண்ட்ராக்டர் என்று சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப எங்க ஊருக்கு ஒரு ரோட்டப் போட்டுக் குடுத்துட்டுப் போ. மழ பேஞ்சா ஜீப்பே வர மாட்டேங்குது."

"நான் அந்தக் காண்ட்ராக்டர் இல்லீங்க."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் தொழிலின் ஏற்ற இறக்கத்தை மலைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம், புளியைச் சொன்னால் போதும். மரத்தில் பிஞ்சு இருக்கும்போதே அடிவாரத்து வியாபாரி மூச்சு வாங்க மலையேறி வந்து நின்றால் அந்த வருடம் விலை இருக்கிறது என்று அர்த்தம். அவன் வராமல், நாமே மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அவன் சொன்னதுதான் விலை. கொரோனா அடங்கியபோது ஏஜென்ட்கள் என்னைக் குளிக்க விடாமல் போன் செய்தார்கள். நாள் கூலியை நான் வாய் திறந்து சொல்வதற்குள் அவர்களே ஏற்றினார்கள். இப்போது நான் போன் செய்கிறேன். ஜேமி என்கிற என் ஏஜென்ட், "மார்க்கெட் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது" என்கிறான். இரண்டு வருடமாக இதே அமைதிதான். போன தடவை காண்ட்ராக்டைப் புதுப்பித்தபோது கூலியைக் குறைத்தார்கள், நானும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என்னைப் போன்றவர்கள் பலர் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் பாதிக்கு மேல் நிற்கிறது. மகள் மது செப்டம்பரில் பல்கலைக்கழகம் போகிறாள். கூலியைப் பற்றி ரோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை.

2

வேலை நாளை விற்பது என்பதே எனக்கு இங்கே வந்துதான் பழகியது. எங்கள் மலையில் சாமை அறுப்புக்குக் கூலி ஆள் கிடையாது, மாத்தாள்தான். இன்றைக்கு நம் வீட்டிலிருந்து இரண்டு பேர் அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போனால், நம் கொல்லை விளைந்து நிற்கும்போது அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்துவிடுவார்கள். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. அறுப்பு நடக்கிற வீட்டில் களியும் குழம்பும் போடுவார்கள். அதற்கு மேல் யாராவது காசை நீட்டினால் அது அவமானம்.

இந்தப் புத்தியோடுதான் என் முதல் காண்ட்ராக்டுக்குப் போனேன். பக்கத்துப் பிரிவில் ஒரு சிக்கல், அவர்களுக்கு ஆள் போதவில்லை. எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்ததால் இரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். வாராந்தர டைம்ஷீட்டில் அந்த இரண்டு நாளையும் நான் போடவில்லை. மாத்தாளாகப் போன நாளுக்கு யாராவது கூலி கேட்பார்களா? ஏஜென்ட் போன் செய்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். நன்றாக இருக்கிறேன் என்றேன். அடுத்த மாதம் என் வேலை குவிந்தபோது, அதே பக்கத்துப் பிரிவு மேலாளரிடம் போய், "இரண்டு நாளைக்கு இரண்டு ஆள் அனுப்புங்கள்" என்று உரிமையோடு கேட்டேன். எந்தத் திட்டத்தின் செலவில் எழுதுவது என்று கேட்டார். செலவே கிடையாது, நீங்கள் எனக்குத் தர வேண்டிய நாள்தானே என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். ரொம்ப நல்ல மனிதர். ஆள் மட்டும் அனுப்பவில்லை.

இந்த ஊர் அரசாங்கத்துக்கும் என்னைப் பற்றி அடிக்கடி ஒரு சந்தேகம் வரும். நான் உண்மையிலேயே காண்ட்ராக்டரா, அல்லது காண்ட்ராக்டர் வேஷம் போட்ட சம்பளக்காரனா என்று வரிக் கணக்குக்காக ஒரு விசாரணை. அதில் ஒரு கேள்வி: உங்களால் வர முடியாவிட்டால் உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியுமா? முடியும் என்றால்தான் காண்ட்ராக்டர், அதனால் மற்றவர்கள் எல்லாம் வக்கீலைக் கேட்டுப் பதில் எழுதுகிற கேள்வி இது. நான் யோசிக்காமல் முடியும் என்றேன். யாரை அனுப்புவீர்கள் என்று தொலைபேசியில் கேட்டார்கள்.

"என் மச்சானை" என்றேன்.

3

மச்சான் என்றால் வெள்ளையன். என் மனைவி சாந்தியின் அண்ணன். அதற்கு முன்பே என்னோடு மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரே பாயில் படுத்தவன். இரண்டு பேரும் ஒன்றாகத் திருப்பத்தூரில் மேல்நிலைப் பள்ளி, ஒன்றாக இன்ஜினியரிங், பழைய காலப் பெரிய கம்ப்யூட்டர்களில், அதாவது மெயின்ஃபிரேமில், ஒரே மாதிரி வேலை. எனக்குப் பின்னால் அவனும் இங்கே வந்து, எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கிக் காண்ட்ராக்டுக்குப் போனான்.

அவனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். தெரியாது என்கிற வார்த்தை அவன் வாயில் வராது. பள்ளிக்கூட நாளில் ஒரு சனிக்கிழமை, நெல்லிவாசல்நாட்டில் இருக்கிற எங்கள் அத்தை வீட்டுக்குக் காட்டு வழியாகக் கிளம்பினோம். குறுக்கு வழி தெரியும் என்று முன்னால் நடந்தான். கடுக்காய் மரத்தடியில் வழி இரண்டாகப் பிரிந்தது. "எதுடா?" என்றேன். ஒரு நொடி கூட நிற்காமல், "இதான்" என்று கை காட்டினான். அந்த வழி ஓர் ஓடையில் போய் முடிந்தது. "இதுக்கு அப்பால இருக்குது" என்றான். அப்பால் ஒரு பாறை இருந்தது. கடைசியில் தேன் எடுக்க வந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து, நாங்கள் வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். அப்போதும் வெள்ளையன், "நானும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தேன்" என்றான். அத்தை வீட்டுக்குப் போகவே இல்லை. ஆனால் அந்தப் பாறை மேல் உட்கார்ந்து தேனடையைப் பிழிந்து தின்றது நினைவிருக்கிறது. இன்றைக்கும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அந்த நாக்குத் தித்திப்பு வந்து போகும். அப்படியே மறுபடி அங்கே போய் வழி தவற முடியுமா என்று மனசு ஏங்கும்.

சில வருடங்களுக்கு முன் அவன் அப்பா பலா மரத்திலிருந்து விழுந்தார். காண்ட்ராக்டை நடுவில் முறித்துக்கொண்டு போனான். போனவன் திரும்பவில்லை. அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் வரவில்லை. ஊரில் அதைப் பல விதமாகப் பேசினார்கள். இன்டர்நெட் மலைக்கு ஏறிய பிறகு, வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டி, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அங்கிருந்தே வேலை செய்தான். அவனும் நாள் கணக்குத்தான். என் ஒரு நாள் கூலியில் அவனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஓடும்.

4

இந்த வருடம் மே நடுவில் என் மேலாளர் கிரெக் கூப்பிட்டார். நான் பார்க்கிற வேலை, பென்ஷன் கணக்குப் போடுகிற பழைய புரோகிராம்கள், இந்தியாவுக்குப் போகப் போகிறதாம். சென்னைக் கம்பெனியின் ஆளுக்கு ஆறு வாரத்தில் நான் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். அந்த ஆள் தனியாகச் சமாளித்தால் ஜூன் கடைசியோடு என் காண்ட்ராக்ட் முடிகிறது. சமாளிக்க முடியாவிட்டால் எனக்கு இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை.

அடுத்த நாள் முதல் வீடியோ அழைப்பு. திரையில் வந்தவன் வெள்ளையன்.

இப்படி ஒரு ஏற்பாடு என்று இரண்டு பேருக்கும் அதுவரை தெரியாது. கிரெக்கிடம் அப்போதே சொல்லிவிட்டேன், இவர் என் மனைவியின் அண்ணன் என்று. "உங்கள் நாட்டில் எல்லோரும் சொந்தக்காரர்கள்தானா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு வெள்ளையன் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், எனுக்கு வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சொன்னா இன்னா ஆவும்?"

"வேற ஆளப் போடுவாங்க. என்ன அனுப்பிடுவாங்க. இங்கயும் வேலை இல்லடா."

"அப்ப உக்காரு. மொதல் புரோகிராமத் தொற."

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் எல்லோருக்கும் தெரியும். ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமான ஒரு முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், ஒரு மாதம் கழித்து அவர்களே கூப்பிடுவார்கள். அப்போது கூலியும் ஏறும். எனக்கு அந்த முடிச்சு எதுவென்று தெரியும்: வருடக் கடைசிக் கணக்கு. இரண்டாவது வாரம் முழுவதும் அந்த யோசனை எனக்குள் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். சாந்தியிடம் சொன்னேன். அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள், கை எப்போதும் எதையாவது நறுக்கிக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லிக் குடுக்கலன்னா எங்கண்ணன் வேலை போவும். சொல்லிக் குடுத்தா உங்க வேலை போவும். நான் யாருக்குன்னு சாமி கும்புடறது?"

அடுத்த நாளே வருடக் கடைசிக் கணக்கைத் திறந்து, முதல் வரியிலிருந்து வெள்ளையனுக்குச் சொன்னேன். ஏன் என்று கேட்டால், அந்தப் பக்கம் அவன் மைக்கில் எங்கள் ஊர்ச் சேவல் ஒன்று கூவியது. அவ்வளவுதான் காரணம் என்று கூடச் சொல்வேன்.

அந்த வாரங்களை எப்படி எழுதுவது? எனக்குக் காலை ஒன்பது மணி, ஜன்னலுக்கு வெளியே தூறல், பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டுகிற சத்தம். அங்கே மத்தியானம், வெயிலில் பலா மரம். வெள்ளையன் அறைக்கதவைத் திறந்து வைத்திருப்பான். கீழே ஜீப் ஹாரன் கேட்கும், ஆட்டை விரட்டுகிற அதட்டல் கேட்கும், அவன் அம்மா உள்ளே வந்து சொம்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மாப்ள எளச்சிப்போயிட்டாரு" என்று திரையிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருநாள் பென்ஷன் சூத்திரத்தின் நடுவில் அவன் பலாச்சுளையை எடுத்து, காமிரா முன்னால் வைத்து, நிதானமாகப் பிரித்துத் தின்றான்.

"இது வேலை நேரம்டா" என்றேன்.

"உனுக்குத்தான் நாள் கூலி ஜாஸ்தி. நீ வேலை செய். நான் துன்னுட்டு வர்றேன்."

கோடை மழை பெய்து உழவு தொடங்கிய அன்று அவன் மடிக்கணினியைத் தூக்கி ஜன்னலில் வைத்தான். ஈரமான செம்மண் திரையில் தெரிந்தது. நான் புரோகிராமை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதை மது பார்த்துவிட்டாள். அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "ஹாய் அங்கிள்" என்றாள். மாமா என்று சொல்லு என்றேன். சொன்னாள், ஆனால் அதற்குப் பிறகு வந்தது எல்லாம் ஆங்கிலம். வெள்ளையன் தமிழில் கேட்டான், அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், அப்புறம் அவனும் ஆங்கிலத்துக்கு மாறினான். அங்கே என்ன தெரிகிறது என்று அவள் கேட்டபோது, "வயல்" என்று மட்டும் சொன்னேன். அது எங்கள் கொல்லை, வருகிற கார்த்திகையில் அங்கே அறுப்பு நடக்கும், முன்பு அவள் அப்பாவும் அங்கே குனிந்து நின்றிருக்கிறான் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னால் ஏதோ பாடம் நடத்துவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் முடியும்போதே வெள்ளையனுக்கு எல்லாம் வந்துவிட்டது. ஐந்தாவது வாரம் அவன் தனியாக ஓட்டினான், நான் திரையில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கண்ணில் படாமல் வெகு நாளாக இருந்த ஒரு பிழையை அவன்தான் கண்டுபிடித்தான்.

5

கடைசி வெள்ளிக்கிழமை, முடிவு எடுக்கிற கூட்டம். இந்தப் பக்கம் கிரெக், நான். அந்தப் பக்கம் சென்னைக் கம்பெனி மேலாளர் பத்மா, வெள்ளையன். சாந்திக்கு அன்று விடுமுறை. எங்கள் சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ், அதனால் அவள் அடுப்பங்கரை வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிரெக் சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளையன், இவர் இல்லாமல் உங்களால் இதை நடத்த முடியுமா?"

வெள்ளையனின் முகம் திரையில் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஆங்கிலத்தில் அவன் குரல் வந்தது.

"முடியாது. எனக்குப் பாதிதான் புரிகிறது. வருடக் கடைசிக் கணக்கு எனக்குத் தெரியாது. அவர் இன்னும் ஆறு மாதம் இருக்க வேண்டும்."

அவன் வாயிலிருந்து தெரியாது என்கிற அந்தச் சொல் வந்ததை நான் என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டேன். பத்மாவின் முகம் கறுத்துவிட்டது. ஆறு வாரம் ஆகியும் புரியவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஆறு மாதம் கிடைக்கும். அவனுக்கு அடுத்த மாதமே வேலை இருக்காது.

நான் சாந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றாள். இப்படிச் செய், அப்படிச் செய் என்று அவள் கண் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதக் கூலி எனக்குக் கண் முன்னால் வந்தது. வீட்டுக் கடன் வந்தது, மதுவின் விடுதிக் கட்டணம் வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாம் நடந்துவிடும்.

"கிரெக், அவர் சொல்வது சரியில்லை" என்றேன். "இரண்டு வாரமாக எல்லாவற்றையும் அவர்தான் ஓட்டுகிறார். வருடக் கடைசிக் கணக்கையும் போன செவ்வாய்க்கிழமை சோதனைக்காக அவரே ஓட்டினார், பதிவு இருக்கிறது, பாருங்கள். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதில் என்னைவிட அவர் கெட்டிக்காரர்."

கிரெக் பதிவைத் திறந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் எனக்கு நன்றி சொன்னார். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து நன்றி என்றார். அந்த வார்த்தையில் என் காண்ட்ராக்ட் முடிந்தது. பத்மா வெள்ளையனை வாழ்த்தினார். அவன் அழைப்பை விட்டு வெளியே போனான்.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது, வெள்ளையன். மச்சான் என்று கூடக் கூப்பிடவில்லை.

"ஏன்டா சொன்ன?"

"நீ ஏன்டா சொன்ன?"

"என் தங்கச்சி வூடுடா அது. கடன்ல போச்சுன்னா நான் இங்க எப்டிச் சோறு துன்றது?"

"அதுக்காக வேலை தெரியாதுன்னு சொல்லுவியா? உன் பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

அவன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"என் பேரா? நான் திரும்பி வந்தப்ப ஊரு இன்னா பேசுச்சுன்னு உனுக்குத் தெரியாதா? வேலை தெரியாம வெள்ளக்காரன் தொரத்திட்டான்னு பேசுனாங்க. ஜீப்ல பேசுனாங்க, சந்தையில பேசுனாங்க. அப்பாவப் பாக்க வந்தேன், அப்பால இந்த மண்ண வுட்டுட்டு வர மனசு வரல, அவ்ளோதான். அத யாரும் நம்பல. அந்தப் பேரு ஏற்கெனவே என் மேல இருக்குதுடா. இன்னொரு தபா சொல்லிக்கினா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

இதைத்தான் இத்தனை வருடமாக அவன் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தான். தினமும் ஒரு மணி நேரம் என்னைச் சிரிக்க வைத்தவன்.

சாந்தி என் கையிலிருந்து போனை வாங்கினாள். என் வேலை போனதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அண்ணே," என்றாள், "நீ வேலை தெரியாதவன்னு யார் சொன்னாலும் நான் தாங்கிக்குவேன். உன் வாயாலயே நீ சொல்லாத. அத என்னால கேக்க முடியல."

வெள்ளையன், "சரிம்மா, சொல்லல" என்றான்.